அன்னம்மா வாய் திறக்காத காலை

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் கல்யாணம் வைப்பவர்கள் முதலில் நாள் பார்ப்பார்கள். அடுத்து, அந்த நாளில் அன்னம்மா அக்கா ஓய்வாக இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நாள் ஒத்துவராவிட்டால் பேசிச் சரிக்கட்டலாம். அக்காவுக்கு ஒத்துவராவிட்டால் நாளைத்தான் மாற்ற வேண்டும். அந்த ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி வருடக்கணக்காகிறது. அக்கா மைக்கில் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார், அதனால் ஊரும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அக்காவும் அவர் கணவர் அப்பளசாமி அண்ணனும் சேர்ந்து செய்வது கெனோப்பி வியாபாரம். கூடாரம், மேசை, நாற்காலி, மைக் செட் எல்லாம் ஒரே லோரியில் வந்து இறங்கிவிடும். அண்ணன் கம்பி நடுவார், துணி கட்டுவார், ஒயர் இழுப்பார். ஆள் வாயே திறக்க மாட்டார். பேச்சு முழுவதும் அக்கா இலாகா. அக்காவின் அப்பா ஈஜோக் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். இருட்டோடு இருட்டாக, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டு, ஒவ்வொரு லயத்துக் கடைசி வீடு வரைக்கும் எழுப்பிவிட்ட குரல் அது. சொத்து என்று அவர் வைத்துவிட்டுப் போனது அந்தக் குரல் ஒன்றைத்தான். அக்காவுக்கு மைக் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசைத் தட்டுகளோடு வாசலில் வந்து நிற்பார்கள் இல்லையா, அந்த நேரம்தான் அக்காவுக்கு உச்சம். பட்டுப் பாவாடையும் பூவுமாக வயசுப் பிள்ளைகள் வரிசையாகத் தட்டு ஏந்தி நிற்பார்கள். புகைப்படக்காரர் முன்னால் ஓடி, பின்பக்கமாகவே நடந்து படம் எடுப்பார். அக்கா மைக்கைப் பிடித்து, "பிள்ளைங்களா, சிரிங்க. போட்டோ அண்ணன் சொல்றதக் கேளுங்க" என்பார். கூட்டம் முழுக்கச் சிரிக்கும். ராவாங்கிலிருந்து சபாக் வரைக்கும் மைக் பிடிக்கும் எல்லோரும் இப்போது இதைத்தான் சொல்கிறார்கள். எல்லோரும் அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டது.

நான் ஷஹீதா. கோலா சிலாங்கூர் பழைய டவுனில், மலாவதி குன்றுக்குக் கீழே, எங்கள் சாப்பாட்டுக் கடை. குன்றின் மேல் குரங்குகள் இருக்கின்றன. கடைக்கு வெளியே மேசை போட்டால் அவற்றுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும் என்பதால் என் கணவர் இஸ்கந்தர் வெளியே மேசை போடுவதில்லை. கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. முன்பு அதில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தோம். இப்போது அதில் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள்.

என்ன பிள்ளைகள் என்று சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் யாரோ கெடுதல் செய்து, அதைச் சொல்லக் கோர்ட்டுக்கு வரும் பிள்ளைகள். கோர்ட்டு வராந்தாவில் நாற்காலிகள் ஒரே வரிசைதான். தப்பு செய்தவனின் பெரியம்மாவும், பாதிக்கப்பட்ட பிள்ளையின் அம்மாவும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தப் பெரியம்மா நைசாகக் குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்து, "நம்ம ஆளுங்கதானேம்மா, சமாதானமா போயிடலாமே" என்று ஆரம்பிப்பார். இதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே அரிசி மூட்டையைக் கீழே இறக்கினேன். நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்து, கோர்ட்டு கூப்பிடும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளை மேலே வைத்துக்கொள்கிறோம், உள்ளே போகும்போது கூடப் போகிறோம். மைலோ நாங்களே போட்டுக் கொடுக்கிறோம்.

ரூபினியும் அப்படி வந்தவள்தான். அவள் பெயர் ரூபினி இல்லை. உண்மைப் பெயரை நான் சொல்லப் போவதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். அவளுக்குப் பதினாறு வயது. ஒரு கல்யாணத்தில் தட்டு ஏந்தினாள். அங்கே படம் எடுத்தவன், சேலைக் கடை விளம்பரத்துக்கு முகம் தேடுகிறார்கள் என்று சொல்லி, மண்டபத்தின் பின்னறைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தான். பிறகு அந்தப் படங்களை வைத்தே அவளை மிரட்டினான், மேலும் மேலும் கேட்டான். பல மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் தானே சுமந்திருக்கிறாள். கடைசியில் ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை, நேரே போலீசுக்குக் கூட்டிப் போனார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

முதல் முறை சாட்சி சொல்ல உள்ளே போனபோது ரூபினிக்குப் பேச்சு வரவில்லை. பெயரைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், அதோடு நின்றுவிட்டது. நீதிபதி நல்ல மனுஷி, வேறு நாள் கொடுத்தார். ஆனால் அரசு வக்கீல் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவ வாயால சொன்னாத்தான் கேஸ் நிக்கும். அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா அவன் சிரிச்சுக்கிட்டே வெளிய போயிடுவான்."

அன்றைக்கு மேலறையில் ரூபினி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, மவுலூது ஓதும் விருந்துக்காக நாங்கள் வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள அன்னம்மா அக்கா வந்தார். யாரையும் கேட்காமல் படியேறி மேலே வந்துவிட்டார். வந்தவர் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. ரூபினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "தண்ணி குடிக்கிறியா?" என்றார். அப்புறம் தானாகவே ஜெராமில் நடந்த ஒரு கல்யாணக் கதையை ஆரம்பித்தார். கடல்காற்று அடித்துக் கூடாரம் அப்படியே உட்கார்ந்துவிட்டதாம். மாப்பிள்ளை அடியில் மாட்டிக்கொண்டாராம். பெண் வீட்டார் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

"அப்புறம் மாப்ள?" என்று கேட்டாள் ரூபினி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"அவரா, துணிக்கு அடியிலேருந்து தலைய மட்டும் நீட்டி, 'ஆண்ட்டி, மைக்கு வேல செய்யுதா?'ன்னு கேட்டாரு. பேசத் தெரிஞ்ச ஆளு. நல்லா இருக்காங்க இப்ப, ரெண்டு பிள்ளைங்க."

ரூபினி சிரித்தாள். அவள் அம்மா சுவரை விட்டுத் திரும்பி மகளைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

அன்று போகும்போது அக்கா படியில் நின்று சொன்னது ஒன்றுதான். "இந்தா பாரு. கேஸ்ல தப்பு பண்ணவனா இருக்கறது அவன் பேரு. உன் பேரு இல்ல. நீ ஏன் தலைய குனியற?"

அதன்பிறகு அக்கா வாரத்தில் ஒருமுறையாவது மேலறைக்கு வந்தார். ரூபினியும் வந்தாள். இருவரும் வழக்கைப் பற்றிப் பேசியதே கிடையாது, பேசவும் கூடாது. ஆனால் எந்தக் கல்யாணத்தில் எந்த மாமா யாரோடு சண்டை போட்டார் என்பது முழுவதும் ரூபினிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்த விசாரணை நாள் நெருங்கியதும், உள்ளே துணைக்கு யார் உட்காரட்டும் என்று ரூபினியைக் கேட்டோம்.

"அன்னம்மா ஆண்ட்டி வந்தா போறேன். வேற யாரும் வேணாம்."

எங்கள் குழுவில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோர்ட்டு விதி அப்படி. சாட்சிக்குப் பக்கத்தில் துணைக்கு உட்காருபவர் வாய் திறக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, கையைப் பிடித்து அமுக்கக் கூடாது. ஓர் "உம்" சொன்னாலும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பார். பிள்ளை சொன்னது அத்தனையும் பழுதாகும். அன்னம்மா அக்காவோ வாழ்நாளில் ஒரு சினிமாவைக்கூட வாய் மூடிப் பார்த்தவர் இல்லை. வில்லன் கதவுக்குப் பின்னால் நிற்பதைக் கதாநாயகிக்குச் சத்தம் போட்டுச் சொல்லுகிற ரகம்.

"நான் சும்மா இருப்பேன்" என்றார் அக்கா.

"அக்கா, நீங்க தூக்கத்துலயே பேசுவீங்கன்னு அண்ணன் சொல்லிருக்காரு."

"அது தூக்கத்துல. கோர்ட்ல நான் தூங்கவா போறேன்?"

சரி, பழகிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது, அக்காவின் வாயை மட்டும்தான் பழக்குவது. ஓர் ஓய்வு நாளில் மேலறையில் இரண்டு நாற்காலி போட்டோம். ஒன்றில் ரூபினி, பக்கத்தில் அக்கா. எதிரே அப்பளசாமி அண்ணன்.

"நான் என்ன பேசணும்?" என்றார் அண்ணன், பாவம்.

"உங்க கல்யாணத்தப் பத்திப் பேசுங்கண்ணே. தப்புத் தப்பா பேசுங்க. அக்கா சும்மா இருக்கணும்."

அண்ணன் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "எங்க கல்யாணம் பந்திங்ல நடந்துச்சு" என்றார். அக்காவின் கண் விரிந்தது. கல்யாணம் நடந்தது ஈஜோக்கில். ஆனாலும் அக்கா பேசவில்லை. அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "எங்க வீட்டு ஆளுங்க சமைச்சது ரொம்ப ருசி. பொண்ணு வீட்டு பாயாசத்துலதான் உப்பு."

"அது உங்க தங்கச்சி போட்ட உப்பு" என்று அக்கா எழுந்தே விட்டார்.

ரூபினி கைகொட்டிச் சிரித்தாள். முதல் தடவை தோல்வி. இரண்டாவது தடவை அண்ணன், அன்னம்மாதான் தன்னைப் பார்த்து மயங்கித் தண்ணீர்க் குழாய் பக்கமாகவே வந்து வந்து நின்றதாகச் சொன்னார். அக்கா அதைப் பாதிகூடக் கேட்கவில்லை, குழாய்ப் பக்கம் வந்து நின்றது யார், எந்தச் சட்டையோடு, எந்தக் கிழிசலோடு என்று முழு விவரம் கொடுத்துவிட்டார். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததாக இஸ்கந்தர் சொன்னார்.

மூன்றாவது தடவை அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். சப்பாத்துக்குள் கால் விரல்களை இறுக மடக்கிக்கொள்வது. பேச வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் இன்னும் இறுக்குவது. முகத்தில் ஒன்றும் தெரியாது. அண்ணன் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தத் தடவை அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை.

"இத்தன வருஷமா மைக்கு அது கையில. நான் ஒயரு சுத்தற ஆளு. எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல. வேல முடிஞ்சதும் நான் எப்பவும் கடைசி நாற்காலியில போயி உட்காருவேன். களைப்புன்னு அது நெனச்சுக்கிட்டு இருக்கு. அது பேசறதக் கேக்கத்தான் உட்காருறேன்."

அக்கா பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு இறங்கியது, துடைக்கக்கூட இல்லை. நானும் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். "பாஸு" என்றாள் ரூபினி.

கோர்ட்டு நாள் காலையில் அக்கா வந்து இறங்கியபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பருத்திச் சேலை. கல்யாணங்களில் முழங்கை வரை கலகலக்கும் கண்ணாடி வளையல்களைக் காணோம். "அது பேசும்" என்று சொல்லிக் கையை ஆட்டிக் காட்டினார். ரூபினி பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் மாதிரி தலைவாரி வந்திருந்தாள். ரொட்டியில் பாதி சாப்பிட்டாள், மீதியைக் குரங்குக்குப் போடப்போகிறேன் என்றாள். இஸ்கந்தர் வேண்டாம் என்றார், அப்புறம் குரங்குக் கூட்டம் கடைக்கே வந்துவிடும் என்று. அவள் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அந்த மாதிரி வழக்குகளில் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்களுக்கு உள்ளே இடமில்லை. உள்ளே நடந்ததை ரூபினிதான் பிற்பாடு சொன்னாள், சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று அவளே சொன்னாள். அக்கா இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவனுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு திரை போட்டிருந்தார்கள். ரூபினி தமிழிலேயே பேசுவதாகச் சொன்னாள், மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொல்லிக்கொண்டு வந்தார். அரசு வக்கீல் அம்மா கேட்டதற்கெல்லாம் மெதுவாகப் பதில் சொல்லிவிட்டாள். பேச்சு நிற்கவில்லை. அதன்பிறகு அவனுடைய வக்கீல் எழுந்து ஒரு படத்தைக் காட்டினார். முதல் நாள் எடுத்த படம், பட்டுப் பாவாடையோடு.

"இதில் நீ சிரிக்கிறாய். கட்டாயப்படுத்தினால் யாராவது சிரிப்பார்களா?" என்றார்.

அங்கேதான் ரூபினிக்குப் பேச்சு நின்றது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அக்கா நேரே எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணில்கூட ஜாடை இல்லை. கல்யாணத்தில் ஒரு ஆளுக்கு அப்பளம் வரவில்லையென்றால் கூடாரத்தின் மறுகோடியிலிருந்து குரல் கொடுக்கிற அக்கா, கல்லாக உட்கார்ந்திருந்தார். "எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு ஆண்ட்டி" என்றாள் ரூபினி என்னிடம். "அப்புறம்தான் தோணுச்சு, இவங்களாலயே சும்மா இருக்க முடியுதுன்னா எனக்காகத்தான் இருக்காங்க. அப்ப என்னால பேச முடியாதா."

பேசினாள்.

"கல்யாணத்துல தட்டு தூக்கற பிள்ளைங்க சிரிக்கணும். சின்னதுலேருந்து அப்படித்தான் பழக்கியிருக்காங்க. மைக்ல சொல்லுவாங்க, பிள்ளைங்களா, சிரிங்க, போட்டோ அண்ணன் சொல்றதக் கேளுங்கன்னு. இவர் சிரிக்கச் சொன்னாரு, சிரிச்சேன். உள்ள வரச் சொன்னாரு, போனேன். பெரியவங்க கேக்கச் சொன்னதத்தான் நான் கேட்டேன். சிரிச்சதுனால எனக்குச் சம்மதம்னு அர்த்தம் இல்ல."

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். வக்கீல் அந்தப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகும் கேள்விகள் இருந்தன, ரூபினி கடைசிவரை பதில் சொன்னாள்.

அன்றைக்கு அவர்கள் படியேறி வந்ததை நாங்கள் ஒரு கூட்டமாக நின்று பார்த்தோம். ரூபினி முன்னால் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். "சொல்லிட்டேன்" என்றாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பசிக்கிறது என்றாள். இஸ்கந்தர் கீழேயிருந்து முர்தபாக் ரொட்டிகளை அடுக்கி அனுப்பினார். பின்னால் அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். காலை முழுவதும் விரல்களை மடக்கி மடக்கிப் பிடிப்பு விழுந்துவிட்டது. நாங்கள் சிரித்தோம், அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றும் பேசவில்லை.

அப்பளசாமி அண்ணன் பயந்துபோனார். "அன்னம். முடிஞ்சிருச்சு. இப்ப பேசலாம்."

அக்கா, "அது என் பேச்சு" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. ரூபினிக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த முர்தபாக்கை வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொன்னாள்.

"அந்தக் கல்யாணத்துல மைக் பிடிச்சது நீங்க இல்லயே ஆண்ட்டி. ராவாங்காரர் யாரோ. எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாரும் என்கிட்டேருந்து எடுத்துச் சொல்றதும்மா. நான்தான் ஊர் பூரா விதச்சேன். கைதட்டறாங்கன்னு விடாம சொன்னேன். எத்தன பிள்ளைங்க கேட்டுச்சோ."

"எனக்குத் தெரியும், அது உங்க பேச்சுன்னு. நீங்க மேல வந்த மொதல் நாளே தெரியும். சின்னதுலேருந்து கேட்ட உங்க குரல் தெரியாதா எனக்கு." ரூபினி அக்காவின் கால் விரல்களைப் பிடித்து நீவிவிட்டாள். "கேஸ்ல தப்பு பண்ணவனா இருக்கறது அவன் பேரு. உங்க பேரு இல்ல. நீங்க ஏன் தலைய குனியறீங்க?"

அக்கா அப்போதுதான் அழுதார். குன்றின் மேலே குரங்குகளுக்குக் கேட்டிருக்கும்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. குற்றம் உறுதியானது, அவன் உள்ளே போனான். நாங்கள் மேலறையில் பாயாசம் காய்ச்சினோம். உப்பைப் பற்றி அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து அக்காவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா அழுதுவிட்டுச் சும்மா இருக்கிறவர் இல்லை. அப்பளசாமி கெனோப்பியில் இப்போது ஒரு பச்சை நாற்காலி சேர்ந்திருக்கிறது. எந்தக் கல்யாணமானாலும் லோரியிலிருந்து முதலில் அதுதான் இறங்கும், பிள்ளைகள் உடை மாற்றும் அறையின் வாசலில் போடப்படும். அதில் ஒரு பெரியம்மா உட்கார வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கென்றே இரண்டு பெரியம்மாக்கள் வருவார்கள் அல்லவா, அவர்களில் ஒருவரை அக்கா பிடித்து உட்கார்த்திவிடுவார். அந்தம்மாவைத் தாண்டி மாப்பிள்ளையின் அப்பாகூட உள்ளே போக முடியாது. புகைப்படக்காரர்கள் பிள்ளைகளைத் தனியே கூட்டிப்போகக் கூடாது, எடுத்ததை அம்மாவிடம் காட்ட வேண்டும். இதையெல்லாம் அக்கா ரகசியமாகச் சொல்வதில்லை, பந்திக்கு முன்னால் மைக்கில்தான் சொல்கிறார். முதலில் சில வீட்டார், நல்ல நாளும் அதுவுமா இது எதற்கு என்று முகத்தைச் சுளித்தார்கள். "பிள்ளைங்க பத்திரமா இருந்தாத்தான் அது நல்ல நாளு" என்றார் அக்கா. இப்போது வேறு கெனோப்பிக்காரர்களிடமும் ஜனங்கள் பச்சை நாற்காலி உண்டா என்று கேட்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. தட்டு வரிசை வாசலில் வந்து நிற்கும்போது அக்காவுக்குப் பேச்சு நின்றுவிடும். பழையதைச் சொல்ல மாட்டார். புதியதாக எதுவும் வரவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே நிற்பார், நாதஸ்வரம் சமாளிக்கும். ரூபினிக்கும் ஒரு குறை. சொந்தக்காரர்கள் நல்லது என்று நினைத்து அவளை எதற்கும் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைக்குச் சங்கடமாக இருக்குமாம். அவளும் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. இரண்டு பேரும் பழையபடி வாயாடியது மேலறையில் மட்டும்தான்.

பிறகு ரூபினியின் பெரியம்மா மகன் பவனேஷுக்குக் கல்யாணம் வந்தது, புக்கிட் செந்தோசாவில். தட்டுப் பிள்ளைகளில் ரூபினியை விட்டுவிட்டார்கள் என்று அறிந்து அவளே பவனேஷுக்குப் போன் போட்டிருக்கிறாள். "அண்ணே, எனக்கு என்ன தட்டு?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அந்தப் பையன் போனிலேயே தேம்பினானாம். லட்டுத் தட்டு கொடுத்தார்கள், உள்ளதிலேயே கனமானது.

நாங்களும் போயிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள். வரிசையின் முன்னால் ரூபினி, மயில் நீலப் பட்டுப் பாவாடை, கையில் லட்டு மலை. புகைப்படக்காரர் முன்னால் ஓடி வந்து கேமராவைத் தூக்கினார். எல்லோரும் மைக் பக்கம் பார்த்தார்கள். அக்கா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார், அப்படியே நின்றார். நாதஸ்வரக்காரரும் அன்று பார்த்து மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். கடைசி நாற்காலியில் அப்பளசாமி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அக்காவின் கால்களைப் பார்த்தேன். செருப்பில் விரல்கள் மடங்கியிருந்தன.

"ஆண்ட்டி" என்று வரிசையிலிருந்தே குரல் கொடுத்தாள் ரூபினி. "இது கோர்ட்டு இல்ல லா. பேசுங்க."

அக்கா அவளைப் பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது. கால் விரல்களும் விரிந்தன. அப்புறம் பெரட்டுக் குரல் மண்டபத்தின் கூரையைத் தொட்டது.

"பிள்ளைங்களா, இன்னைக்கு நீங்க சொல்றதத்தான் போட்டோ அண்ணன் கேப்பாரு. எப்ப எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க. சிரிப்பு வந்தா சிரிங்க, வரலன்னா விட்டுருங்க."

கைதட்டல் எழுந்தது. ரூபினி ஒன்றும் அவசரப்படவில்லை. "இருங்கண்ணே" என்றாள் புகைப்படக்காரரிடம். சரிந்த லட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தாள். பின்னால் இருந்த சின்னப் பிள்ளையின் தலைப்பூவைச் சரிசெய்தாள். புகைப்படக்காரர் கேமராவை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார், வரிசைக்குப் பின்னால் மாப்பிள்ளை காத்திருந்தார், இரண்டு வீட்டு ஜனமும் காத்திருந்தது.

"ம், இப்ப எடுங்க" என்றாள் ரூபினி.